பள்ளி நாளில் மட்டும் வரும் வயிற்று வலி

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. ஜூனில் பள்ளி மாற்றினோம். ஏழு வாரமாகக் காலையில் வயிற்று வலி என்று அழுகிறான். ஞாயிற்றுக்கிழமை வலி வருவதில்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை இரண்டும் நார்மல். நான்கு வயதில் நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் இந்த மாதம் மூன்று முறை வந்துவிட்டது. 'நடிக்கிறான், ரெண்டு போட்டால் சரியாகிவிடும்' என்கிறார் கணவர். திருஷ்டி என்கிறார் மாமியார். மனநல மருத்துவரிடம் போகத்தான் வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: போங்கள். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு முறை குழந்தை மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர்ப் பரிசோதனை பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் படுக்கையை நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைத்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை மூன்றையும் பார்த்தாக வேண்டும். வலி தூக்கத்தில் எழுப்பினாலோ, எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, காய்ச்சல், வாந்தி தொடர்ந்தாலோ அது மனசு சம்பந்தப்பட்டது என்று விட்டுவிடக் கூடாது.

நடிப்பா என்றால், இல்லை. பயம் வந்தால் குடலின் இயக்கம் மாறும். பரீட்சை அன்று நமக்கு வயிறு கலக்குமே, அதுதான் இது. எட்டு வயதில் 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்று சொல்ல வராது. 'வயிறு வலிக்குது' என்றுதான் வரும். வேன் போனதும் வலி நிற்பதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் நடிப்பு என்று முடிவு கட்டுகிறார்கள். பயம் விலகினால் வயிறும் அடங்கத்தானே செய்யும்? அடித்தால் பள்ளி பயத்தோடு வீட்டு பயமும் சேரும், அவ்வளவுதான்.

புதுப் பள்ளியில் முதல் இரண்டு மூன்று வாரம் பல பிள்ளைகள் அழும். பிறகு தானாக அடங்கும். உங்கள் மகனுக்கு ஏழு வாரமாகியும் குறையவில்லை. விட்ட பழக்கம் திரும்பியிருக்கிறது. பள்ளியில் தொடங்கியது ராத்திரிப் படுக்கை வரை வந்துவிட்டது. இன்னொரு மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இன்னும் ஒன்றைக் கவனியுங்கள்: விளையாடக் கூப்பிட்டால் போகிறானா? மனச்சோர்வு வந்த பிள்ளை மூலையில் அழுதுகொண்டிருக்கும் என்றில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழவும் செய்யும். பிடித்த விளையாட்டைக்கூட விட்டுவிட்டு இரண்டு வாரம் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நாள் குறித்துவிட்டு, அதுவரை ஒரு நோட்டில் எழுதுங்கள். 'ரொம்ப அழறான்' என்று எழுதினால் பயனில்லை. 'திங்கள் 7.10, சீருடை எடுத்ததும் வலி. 8.25 வேன் போனது. 8.40 தோசை கேட்டான்' என்று எழுதுங்கள். எந்தக் கிழமையில் மோசம், அன்று என்ன பாடவேளை என்பதும் இருக்கட்டும். பல நேரம் ஒரு குறிப்பிட்ட வகுப்போ, வேனில் பக்கத்தில் உட்காரும் பையனோ அதில் தானாகப் பிடிபடும்.

'ஏன்டா போக மாட்டேங்கிற?' என்று முகத்தைப் பார்த்துக் கேட்டால் வாய் திறக்க மாட்டான். வண்டியில் போகும்போது, பூண்டு உரிக்கும்போது, 'ஸ்கூல்ல எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?' என்று கேளுங்கள். கழிவறையைப் பற்றியும் கேளுங்கள். அங்கே போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல், நாள் முழுக்க அடக்கிவைக்கும் பிள்ளைகள் உண்டு. வயிற்று வலிக்கும் நனைப்பதற்கும் அதுவே காரணமாகலாம்.

யாரோ அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று தெரிந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும், பள்ளிக்கு அனுப்புவது அப்புறம். பாலியல் தொந்தரவு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், காய்ச்சலோ வாந்தியோ இல்லாத நாளில் வீட்டில் வைக்காதீர்கள். ஒரு நாள் தங்கினால் மறுநாள் கிளம்புவது இன்னும் கடினம். டிவியும் போனும் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். வகுப்பாசிரியரிடம் பேசி, முதல் வாரம் அரை நாளாவது போகட்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 (டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்) இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். 'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான்: உங்களிடம் பிரசவத்திலிருந்து கேட்பார்கள், அவனோடு விளையாடுவார்கள், படம் வரையச் சொல்வார்கள். இதுபோன்ற பயத்துக்குப் பொதுவாக எடுத்த எடுப்பில் மாத்திரை தருவதில்லை. கணவரும் கூட வரட்டும்.

'செத்துப்போகிறேன்' என்று சொன்னாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ, சாப்பாடு தண்ணீரை விட்டாலோ நோட்டெல்லாம் வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி.

மாமியார் திருஷ்டி சுற்றிப் போடட்டும், கெடுதல் ஒன்றுமில்லை. மருத்துவரைப் பார்க்கும் நாள் மட்டும் தள்ளிப்போகக் கூடாது. மகனிடம் கடைக்குப் போவதாகப் பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். 'பயத்துக்கும் வயித்து வலிக்கும் உதவி பண்றவங்க' என்று சொன்னால் போதும். குழந்தை மருத்துவரிடம் போகும் நாளில் 'ஊசியே கிடையாது' என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். சர்க்கரை பார்க்க விரலில் குத்துவார்கள்.