பக்கத்து வீட்டுக்கு 399, எங்களுக்கு 599: இணைப்பை மாற்றலாமா?

கேள்வி: பாலக்கோட்டில் இருக்கிறோம். நான்கு வருடமாக ஒரே கம்பெனியின் ஃபைபர் இன்டர்நெட். 100 எம்பிபிஎஸ் பிளான், மாதம் 599 ரூபாய், வரியோடு 707 கட்டுகிறோம். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுக்கு அதே கம்பெனி, அதே வேகத்தை 399 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறது. கேட்டால், "அது புது கஸ்டமருக்கு மட்டும்மா" என்கிறார் லைன் பார்க்கும் தம்பி. மகள் பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். இந்த இணைப்பை வெட்டிவிட்டு, என் கணவர் பெயரில் புதிதாக வாங்கிவிடலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: மளிகைக் கடையில் நான்கு வருடம் தவறாமல் வாங்கினால் கொசுறாக ஒரு கொத்து கறிவேப்பிலையாவது கிடைக்கும். இன்டர்நெட் வியாபாரத்தில் கணக்கு தலைகீழ். வராத ஆளை உள்ளே கொண்டுவரத்தான் அங்கே காசு செலவழிக்கிறார்கள். உள்ளே இருப்பவர் எழுந்து போகமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். மொபைலில் நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனி மாற 2011-லிருந்து நாடு முழுக்க வழி இருக்கிறது. வீட்டு இன்டர்நெட்டுக்கு வயரை மாற்ற வேண்டும், பெட்டியை மாற்ற வேண்டும், ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சோம்பலுக்கு நாம் கட்டும் விலைதான் உங்கள் கோபத்துக்குக் காரணமான 200 ரூபாய்.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. பிரிட்டனில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற மக்கள் ஆலோசனை அமைப்பு 2018-ல் இதைப் பெரிய புகாராகவே எழுப்பியது. பிராட்பேண்ட், மொபைல், வீட்டு இன்ஷூரன்ஸ், வீட்டுக் கடன், சேமிப்புக் கணக்கு என்று ஐந்து இடங்களில் பழைய வாடிக்கையாளர்கள் வருடத்துக்கு 410 கோடி பவுண்டு கூடுதலாகக் கட்டுகிறார்கள் என்றது. அதற்கப்புறம் 2022 ஜனவரியிலிருந்து வீட்டு, வாகன இன்ஷூரன்ஸில் பழையவருக்குக் கூடுதல் விலை வைப்பதை அங்கே தடை செய்துவிட்டார்கள். பிராட்பேண்டுக்கு அந்தத் தடை வரவில்லை.

இங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பிராட்பேண்ட் விலையை நிர்ணயிப்பதில்லை. விலை கம்பெனியின் இஷ்டம். ஒரே வகை வாடிக்கையாளர்களுக்குள் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1999-ல் வந்த கட்டண உத்தரவு சொல்கிறது. ஆனால் "புதியவர் வேறு வகை, பழையவர் வேறு வகை" என்று கம்பெனி வாதாடும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். உங்களுக்கு உதவுகிற வேறு விதி ஒன்று இருக்கிறது: பிளானை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் உடனேயோ, அடுத்த பில்லிலிருந்தோ மாற்றித் தர வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். 399 என்பது விளம்பர விலை. அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் 471. பக்கத்து வீட்டில் இரண்டு விஷயம் விசாரியுங்கள்: அந்த விலை எத்தனை மாதத்துக்கு? இன்ஸ்டலேஷனுக்கு எவ்வளவு வாங்கினார்கள்? இப்படிப்பட்ட சலுகைகள் பெரும்பாலும் விருந்து மாதிரி, சில மாதத்தில் முடிந்துவிடும். முதல் 6 மாதம் 399, அப்புறம் 599, இன்ஸ்டலேஷன் 1,000 என்று வைத்துக்கொள்வோம். வரியோடு வருடத்துக்கு 7,066, அதோடு அந்த 1,000 சேர்த்து 8,066 ரூபாய். நீங்கள் இப்போது வருடத்துக்குக் கட்டுவது 8,482. மாதம் 236 மிச்சம் என்று நினைத்தது, வருடம் முழுவதற்கும் 416 ரூபாயில் வந்து நிற்கிறது. இதற்காகப் பழைய வயரை வெட்டி, புது வயர் வரும்வரை மகள் இரண்டு நாள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் மீட்டிங் பார்க்க வேண்டுமா?

அதைவிட முதலில் கம்பெனியின் ஆப்பில் இன்றைய பிளான் பட்டியலைப் பாருங்கள். நான்கு வருடத்துக்கு முன் 599-க்குக் கிடைத்த வேகம் இன்று 499-லேயே இருக்கலாம். பழைய பிளானில் இருப்பவரை அவர்களாகக் கூப்பிட்டு இறக்கிவிடமாட்டார்கள். பில்லில் ஓடிடி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் யாரும் ஒருநாள்கூட லாகின் செய்யாத ஆப்புகளுக்குக் காசு போய்க்கொண்டிருக்கும். 499-க்கு மாற முடிந்தால் வரியோடு 589. வருடத்துக்கு 1,416 ரூபாய் மிச்சம், ஒரு ஆணிகூட அடிக்காமல்.

அப்படிப் பிளான் இல்லையென்றால், ரீசார்ஜ் தேதிக்கு ஒரு வாரம் முன்பு கஸ்டமர் கேருக்குப் போன் செய்யுங்கள். லைன் பார்க்கும் தம்பியிடம் பேசிப் பயனில்லை, விலை அவர் கையில் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் தர்மபுரியில் என் ஆபீஸ் இணைப்புக்கு இதே கதை. "விலை குறையவில்லை என்றால் இந்த மாதத்தோடு நிறுத்திவிடுகிறேன்" என்றேன். பேசிய பெண், "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்றார். பாட்டு ஓடியது. ஏழு நிமிடம் கழித்து வேறொருவர் வந்தார், அவரிடம் எனக்கென்று ஒரு விலை இருந்தது! அதுவரை ஆப்பில் எங்குமே அது இல்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஒத்துக்கொண்ட விலையை எஸ்எம்எஸ்ஸிலோ மெயிலிலோ அனுப்பச் சொல்லுங்கள், வாய்வார்த்தை போதாது. பிளானில் சேர்ந்த நாளிலிருந்து 6 மாதத்துக்கு அந்தக் கட்டணத்தை ஏற்ற முடியாது. அதை மீறிப் பில் வந்தால் கம்பெனியிடம் புகார் கொடுத்து, அதற்கான பதிவு எண்ணை (டாக்கெட் நம்பர்) வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம்" என்றும் சொல்வார்கள். பேங்க் எஃப்டி வட்டியைவிட நல்ல லாபம்தான், மறுக்கவில்லை. அப்படி முன்பணம் கட்டினால் அந்தக் காலம் முழுக்க விலையும் ஏறாது. ஆனால் உள்ளூர் கேபிள்காரர் வழியாக வரும் சின்ன இணைப்பாக இருந்தால், அவர் தொழிலை விட்டுவிட்டால் உங்கள் பணத்துக்கு யாரைப் பிடிப்பீர்கள்? எனக்கு அதில் மூன்று மாதத்துக்கு மேல் மனசு வராது.

எதுவும் நடக்கவில்லை என்றால் மாறுங்கள், தப்பே இல்லை. புது லைன் ஓடத் தொடங்கி ஒரு வாரம் பார்த்த பிறகு பழையதை நிறுத்துங்கள். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்குங்கள், டெபாசிட் கட்டியிருந்தால் அதையும் கேளுங்கள். அந்த லைனில் லேண்ட்லைன் நம்பர் இருந்தால் அது போய்விடும்.

அப்புறம், ஏன் கணவர் பெயரில்? வாங்குவதானால் மகள் பெயரில் வாங்குங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்குச் சில கம்பெனிகள் இன்டர்நெட் பில்லைத் திருப்பிக் கொடுக்கின்றன. பில் வேலை பார்ப்பவர் பெயரில் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். மகளை இந்த வாரமே ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். உண்டு என்று பதில் வந்தால், இப்போதிருக்கும் இணைப்பிலேயே பெயரை மாற்ற முடியுமா என்று கஸ்டமர் கேரில் சேர்த்துக் கேட்டுவிடலாம்.