தலை திரும்பும் மேடை விளக்கான மூவிங் ஹெட் எல்இடியை மெல்ல மங்கவைத்தால் கடைசியில் ஏன் துள்ளி அணைகிறது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கல்யாண மேடைகளில் அடிக்கடி வரும் கேள்வி இது. டிம்மிங் என்றால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது. கன்ட்ரோலர் விளக்குக்குக் கட்டளை அனுப்பும் முறைதான் டிஎம்எக்ஸ். அதன் 8 பிட் சேனலில் டிம்மிங்குக்கு 256 படிகள்தான். இருட்டில் ஒவ்வொரு படியும் கண்ணில் அடிக்கும். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்கில் ஒரு கரண்டி சீனி உடனே நாக்கில் தெரியும். தித்திக்கும் பால் டீயான தே தாரிக்கில் அதே கரண்டி தெரியவே தெரியாது.

விளக்கின் மெனுவில் படிகள் பல மடங்கு அதிகமுள்ள 16 பிட் டிம்மர் மோடுக்கு மாற்றுங்கள். கன்ட்ரோலரிலும் அதே மோடு வேண்டும். இல்லையென்றால் டிம்மரைத் தள்ளும்போது நிறம் மாறும், தலை திரும்பும். பலர் தடுமாறுவது இங்கேதான். காரணமில்லாமல் மினுக்கினால், வரிசையின் கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் (டிஎம்எக்ஸ் வரிசையை முடித்துவைக்கும் செருகி) இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பல்பு மேடை விளக்கான பார்கேன் போல, மின்சாரத்தையே கூட்டிக் குறைக்கும் டிம்மர் பேக்கில் செருகினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள்; அப்படிச் செய்தால் உள்ளிருக்கும் பவர் சப்ளைதான் கெடும்.