லெபனான் காசும் மாமியார் வீட்டுச் சிமெண்டும்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில், ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். என் கணவர் ராணுவத்தில் கார்ப்பரல், 14 வருட சர்வீஸ். எட்டு மாதமாக லெபனானில் ஐ.நா. அமைதிப்படையில் இருக்கிறார். திருமணம் ஜேபிஎன் என்ற தேசியப் பதிவுத் துறையில் பதிவானது. இரண்டு பிள்ளைகள். நான் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அவர் எனக்கு மாதம் 700 ரிங்கிட் அனுப்புகிறார். மற்றதெல்லாம் மாமியார் கணக்குக்குப் போகிறது. அந்தக் காசில் மாமியார் பெயரில் உள்ள நிலத்தில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. ஐ.நா. ஒரு வீரருக்கு மாதம் 1,428 டாலர் கொடுக்கிறது என்று டிக்டாக்கில் பார்த்தேன். அது குடும்பத்துக்கான அலவன்ஸ்தானே? ராணுவத்தின் மீது வழக்குப் போட்டு என் கணக்குக்கு வரவைக்க முடியுமா? அவருடைய ஏடிஎம் கார்டு என்னிடம்தான் இருக்கிறது. மேலதிகாரிக்குப் புகார்க் கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன்.

பதில்: சகோதரி, உங்கள் முழுக் கடிதம் நான்கு பக்கம். அதில் இரண்டரைப் பக்கம் மாமியார். சின்னவளுக்குக் காது குத்தியபோது அவர் வெறுங்கையோடு வந்தது, உங்கள் அப்பா இறந்த பதினாறாம் நாளுக்கு வராதது, கொழுந்தனாரின் புது மோட்டார் சைக்கிள் எல்லாம் படித்தேன். எதுவும் எந்த நீதிபதிக்கும் தேவையில்லை. தேவையானது ஒரே ஒரு வரி, அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "மாதம் 700 அனுப்புகிறார்."

முதலில் அந்த 1,428 டாலரை ஓரமாக வைத்துவிடுவோம். டிக்டாக் சொன்ன எண் பொய்யில்லை, 2018-இல் ஐ.நா. வைத்த விகிதம் அது, பிறகு கூட்டியிருக்கிறார்கள். ஆனால் அது வீரரின் சம்பளம் இல்லை. படை அனுப்பிய நாட்டின் அரசாங்கத்துக்கு ஐ.நா. திருப்பித் தரும் செலவுத்தொகை. எந்த நாட்டு வீரராக இருந்தாலும் தலைக்கு அதே கணக்குதான். அரசாங்கம் தன் வீரருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பது அந்தந்த நாட்டு விவகாரம். ஐ.நா. வீரருக்கென்று கொடுக்கும் தினப்படி நாளுக்கு 1 டாலர் 28 சென்ட். விடுப்பு நாட்களுக்கு 10 டாலர் 50 சென்ட் தருவார்கள், அதுவும் ஆறு மாதத்தில் 15 நாள் வரைதான். டீக்கும் போன் ரீலோடுக்கும் சரியாகப் போய்விடும். ராணுவத்தின் மீது உங்களுக்கு வழக்கு இல்லை. ஐ.நா. மீது சுத்தமாக இல்லை. உங்களுக்கு இருப்பது கணவர் மீதான பராமரிப்புக் கோரிக்கை மட்டும்.

1950-ஆம் ஆண்டின் மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டம் கேட்பது இதைத்தான்: கணவர் மனைவி மக்களைக் கவனிக்காமல் விட்டாரா, அல்லது கவனிக்க மறுத்தாரா? விட்டார் என்றால், அவருடைய வசதிக்கு ஏற்ற மாதத் தொகையை நீதிமன்றம் நிர்ணயிக்கும். இங்கே அவர் ஒன்றுமே தராமல் இல்லை. 700 தருகிறார். ஆகவே உங்கள் வழக்கு முழுவதும் அந்த 700 போதுமா என்பதுதான். அவர் வசதிக்கும் உங்கள் தேவைக்கும் நடுவில் அந்தத் தொகை எங்கே நிற்கிறது? உங்களுக்கும் சம்பளம் இருக்கிறது, அதையும் கேட்பார்கள். பள்ளிக்கூட பஸ், டியூஷன், வாடகை, சின்னவளின் பால்மாவு என்று ரிங்கிட் ரிங்கிட்டாக எழுதிய ஒரு தாள்தான் உங்கள் ஆயுதம். அந்தத் தாள் உங்கள் கடிதத்தில் இல்லை.

இடையில் ஒரு வார்த்தை, இது உங்களுக்கு இல்லை. கோவிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டவர்கள் இதைப் படித்தால் கவனியுங்கள். 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் அமலுக்கு வந்த 1982 மார்ச் 1-க்குப் பிறகு நடந்த, பதிவாகாத திருமணம் செல்லுமா என்பதில் நம் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளே இரண்டு பக்கமும் பேசியிருக்கின்றன. 1997-இல் செல்லும் என்று ஒன்று, 2000-இல் செல்லாது என்று இன்னொன்று. அந்தச் சந்தேகத்தின் மேல் நின்றுகொண்டு ராணுவத்தாரிடம் போய் நான் மனைவி என்று சொல்லாதீர்கள். நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்கள், சகோதரி. அந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். உங்களைப் போலவே ஒரு அம்மா நெகிரி செம்பிலான் பக்கத்திலிருந்து வந்தார். கணவர் வெளிநாட்டில், கையில் அலவன்ஸ் நிறைய. அந்த நேரத்துச் சம்பளச் சிலிப்பை மட்டும் காட்டி, பெரிய தொகைக்கு ஆணை வாங்கிவிட்டார். வாங்கிக் கொடுத்த வக்கீலுக்கும் பெருமை. நான் அந்த வக்கீல் இல்லை. எனக்கு இரண்டாவது கட்டத்தில்தான் வேலை வந்தது. கணவர் ஊர் திரும்பினார். அலவன்ஸ் நின்றது. அடிப்படைச் சம்பளத்தில் கூட்டுறவுக் கடன், கார்க் கடன் எல்லாம் பிடித்த பிறகு கைக்கு வந்தது ஆணையில் எழுதியிருந்த தொகையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். முதல் மாதம் பாதி கொடுத்தார். இரண்டாவது மாதம் கொடுக்கவில்லை. பாக்கி ஏறியது. பராமரிப்புப் பாக்கிக்கு, கொடுக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்று சட்டம் இடம் தருகிறது. அந்த அம்மா அதைக் கேட்டு வாங்கும் இடத்துக்கே வந்துவிட்டார். தன் பிள்ளைகளின் அப்பாவை, அதுவும் சீருடையில் இருப்பவரை, உள்ளே தள்ளவா? தள்ளினால் மறுமாதம் யார் காசு கொடுப்பது? இதற்குள் கணவர் தொகையைக் குறைக்க மனுப் போட்டார். நிலைமை மாறினால் ஆணையை மாற்றலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கடைசியில் கிடைத்தது, முதல் நாள் அவர் தானாகக் கொடுக்க ஒப்புக்கொண்டதைவிட 50 ரிங்கிட் குறைவு. நடுவில் இரண்டு வருடம், இரண்டு பக்கமும் வக்கீல் கட்டணம்.

உங்கள் விஷயத்தில் இந்த ஆபத்து இன்னும் பக்கத்தில் இருக்கிறது. நம் படை லெபனானுக்கு 2007-இலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் 2025 ஆகஸ்டில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2790-ஆம் தீர்மானத்தில் அந்தப் பணிக்கு முடிவு தேதி வைத்துவிட்டது: 2026 டிசம்பர் 31. அதன் பிறகு ஒரு வருடத்துக்குள் படைகள் வெளியேற வேண்டும். உங்கள் கணவர் அதற்கு முன்பே திரும்பிவிடலாம், அடுத்த முறை அங்கே போக வாய்ப்பும் இல்லை. ஆகவே லெபனான் அலவன்ஸை மாத வருமானமாக வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது ஒரு முறை கைக்கு வரும் தொகை. கேட்பதென்றால் அப்படியே கேளுங்கள்.

அடுத்தது அந்த வீடு. இதில்தான் நீங்கள் அதிகம் ஏமாறப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். சிமெண்ட் ரசீது, ஜிங்க் கூரை ரசீது, மார்பிள் டைல்ஸ் ரசீது எல்லாம் மைலோ டின்னில் போட்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சமையலறை டைல்ஸ் நிறத்தை வீடியோ காலில் நீங்களே தேர்ந்தெடுத்தீர்களாம். நல்லது. ஆனால் நிலப்பட்டாவில் மாமியார் பெயர். நிலத்தின் மேல் கட்டிய வீடு நிலத்தோடு போகும். விவாகரத்தில் சொத்துப் பிரிக்கும்போது நீதிமன்றம் பிரிப்பது கணவன், மனைவி இருவரின் சொத்தை. மாமியார் அந்த வழக்கில் கட்சிக்காரரே இல்லை. 2018 டிசம்பரில் அமலுக்கு வந்த திருமணச் சட்டத் திருத்தத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதையும் கணக்கில் எடுக்க வழி செய்தார்கள். உங்களுக்குச் சாதகமான திருத்தம்தான். ஆனால் எதில் பங்கு கேட்பீர்கள்? கணவர் பெயரில் ஒன்றும் மிச்சமில்லையே. மகன் கொடுத்தது அன்பளிப்பு என்று மாமியார் ஒரு வரி சொன்னால், அதை உடைக்க உயர் நீதிமன்றத்தில் தனி வழக்கு நடத்த வேண்டும். அதற்கு ஆகும் செலவில் அந்த வீட்டின் கூரையை இன்னொரு முறை போட்டுவிடலாம்.

யாராவது "நிலத்தின் மேல் கேவியட் (நிலத்தைக் கைமாற்ற முடியாதபடி தடைப் பதிவு) போட்டுவிடு, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்வார்கள். தாமானுக்கு ஒருவராவது இப்படி ஒரு ஆலோசகர் இருப்பார். போடாதீர்கள். அந்த நிலத்தில் உங்களுக்கு உரிமை இல்லாமல் தனியார் கேவியட் போட்டால், அதனால் வரும் நஷ்டத்துக்கு நீங்கள்தான் ஈடு கட்ட வேண்டும் என்று நிலச் சட்டம் சொல்கிறது. மாமியாரிடம் கேட்கப் போய் மாமியாருக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புகார்க் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். நகலைக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கணவருக்கு 14 வருடம் ஆகிறது. சாதாரணப் படைவீரருக்கு 21 வருடம் முடிந்தால்தான் ஓய்வூதியம். இன்னும் ஏழு வருடம். "குடிக்கிறார், கடன் வாங்குகிறார், குடும்பத்தைக் கைவிட்டார்" என்று நீங்கள் கோபத்தில் எழுதுவது கோப்பில் ஏறும். பதவி உயர்வு நேரத்தில் அந்தக் கோப்பைத்தான் திறப்பார்கள். நிலைமை முற்றி அவர் முன்னதாகவே வெளியே வந்தால், கைக்கு வருவது ராணுவச் சேமநிதிப் பணம் மட்டும். அதுவும் அவர் கைக்கு. பால் கறக்கும் மாட்டின் காலை ஒடித்துவிட்டு என்னிடம் வந்து பால் கேட்டால் நான் என்ன செய்வேன்? படைப்பிரிவில் ஊரிலேயே தங்கியிருக்கும் அதிகாரிகள் இருப்பார்கள், பக்காட் என்ற குடும்ப நல அமைப்பும் இருக்கிறது. அவர்களிடம் வாயால் பேசுங்கள். குற்றம் சாட்டாமல், "வீட்டுச் செலவுக்குத் தொகை போதவில்லை, கணவரிடம் பேசிக் கூட்டித் தர முடியுமா" என்று மட்டும் கேளுங்கள்.

ஏடிஎம் கார்டு. வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள் என்று கொடுத்திருந்தால் அந்த அளவுக்கு எடுக்கலாம். "இனிமேல் எடுக்காதே" என்று ஒரு வாட்ஸ்அப் வந்த நிமிடத்தில் அந்த அனுமதி முடிந்தது. அதற்குப் பிறகு 5,000 எடுத்தீர்கள் என்றால், கொழுந்தனார் போலீஸ் புகாரோடு நிற்பார். நாளைக்குப் பராமரிப்பு வழக்கில் நான் உங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாயைத் திறக்கும்போது, எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் புகார் நகலை நீட்டுவார்.

சரி, என்னதான் செய்வது? சமாதானமாகப் போங்கள். அவர் திரும்பி வருவதற்குள், அலவன்ஸ் வந்துகொண்டிருக்கும்போதே பேசி முடியுங்கள். ஊர் திரும்பி, கையில் காசும் தீர்ந்து, அம்மா கட்டிய வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதரோடு பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது. என்னிடம் வந்தால் இரண்டு தொகை கேட்கச் சொல்வேன். ஒன்று மாதாமாதம், அவருடைய அடிப்படைச் சம்பளத்தை வைத்து, லெபனானில் இருந்தாலும் ஊர் முகாமில் இருந்தாலும் மாறாதது. 700-ஐ 1,000 அல்லது 1,100 ஆக்கினாலே நல்ல முடிவு. இன்னொன்று, மீதமிருக்கும் லெபனான் மாதங்களிலிருந்து ஒரே தொகையாகப் பிள்ளைகள் பெயரில் எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் போடுவது. பிள்ளைகள் படிப்புக்கு என்று கேட்டால் ஆண்பிள்ளை மறுப்பது கஷ்டம். மாமியாரும் வாயைத் திறக்க மாட்டார். பதிலுக்கு நீங்கள் வீட்டை விட்டுக்கொடுங்கள். கொடுக்க உங்களிடம் இருந்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

ஒப்புக்கொண்டால் அதை நீதிமன்றத்தில் சம்மத ஆணையாகப் பதிவு செய்யுங்கள். கோவில் தலைவர் வீட்டு முன்தாழ்வாரத்தில் பெரியவர்கள் நான்கு பேர் முன்னால், "மொத்தமாக 20,000 வாங்கிக்கொண்டேன், இனி எந்தப் பராமரிப்பும் கேட்க மாட்டேன்" என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி, எதிர்காலப் பராமரிப்பை மொத்தத் தொகையில் முடிக்கும் ஒப்பந்தம் நீதிமன்றம் ஏற்றால்தான் செல்லும். ஏற்கும்வரை அது வெறும் தாள். ஆனால் அந்தத் தாளைக் காட்டியே ஐந்து வருடம் காசு தராமல் இழுத்தடித்த மாமியார் வீட்டை எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று, இதைக் கோபமில்லாத ஒரு நாளில் கணவரிடம் கேளுங்கள்: ராணுவச் சேமநிதியில் வாரிசு என்று யார் பெயரை எழுதியிருக்கிறார்? 18, 19 வயதில் சேரும் பையன் அம்மா பெயரைத்தான் எழுதுவான். கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற மறந்துபோவார்கள். 2024 நவம்பரில் சிடோன் அருகே நடந்த தாக்குதலில் நம் வீரர்கள் காயமடைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுச் சண்டையில் இதைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.

அலுவலகத்துக்கு வருவதானால் மைலோ டின் வேண்டாம். லெபனான் போவதற்கு முந்தைய மூன்று மாதச் சம்பளச் சிலிப், திருமணப் பதிவு, பிள்ளைகளின் செலவுத் தாள். மூன்றும் போதும்.