சூத்திரம் சரி, சர்க்யூட்தான் வேறு

கேள்வி: சிடி40106 ஐசியில் ஒரே ஒரு கேட்டை வைத்து 1 கிலோஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் செய்தேன். 0.455-ஐ ஆர் × சி ஆல் வகுக்கச் சொல்லும் சூத்திரப்படி 47 கிலோஓம், 0.01 மைக்ரோஃபாரட் போட்டேன். சப்ளை 5 வோல்ட். அளந்தால் 2.6 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. ஐசி பழுதா?

பதில்: ஐசி நன்றாகத்தான் இருக்கிறது. சாதாரண இன்வெர்ட்டர் (இன்புட்டைத் தலைகீழாக்கித் தரும் கேட்) இரண்டை அடுத்தடுத்து வைத்து, முதல் கேட்டின் இன்புட்டில் தனியாக ஒரு பெரிய ரெசிஸ்டரும் போட்டுச் செய்வார்களே, அந்த சர்க்யூட்டுக்கு உரியது 0.455. அதில் ஒரு சுற்றுக்கு 2.2 ஆர்சி நேரம் ஆகும். உங்களுடையது ஷ்மிட் டிரிக்கர், அதாவது அவுட்புட் மாறுவதற்கு இரண்டு வரம்புகள் வைத்திருக்கும் இன்வெர்ட்டர். இதில் கெப்பாசிட்டர் ஒரு மேல் வரம்புக்கும் ஒரு கீழ் வரம்புக்கும் நடுவில் மட்டும் ஏறி இறங்குகிறது. 40106-க்கு 5 வோல்ட்டில் அவை ஏறத்தாழ 2.9, 1.9. அந்த ஒரு வோல்ட்டை ஏற 0.39 ஆர்சி, இறங்க 0.42 ஆர்சி, ஆக மொத்தம் 0.81 ஆர்சி. உங்கள் மதிப்புகளைப் போட்டுப் பாருங்கள், அதே 2.6 கிலோஹெர்ட்ஸ் வரும்!

அப்புறம் எதைப் போடுவது? கெப்பாசிட்டரை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ரெசிஸ்டரை மாற்றுவது சுலபம். 0.01 மைக்ரோஃபாரட் அப்படியே இருக்கட்டும். ரெசிஸ்டர் 123 கிலோஓம் என்று கணக்கு சொல்லும். அதற்காக 120 கிலோஓம் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. டேட்டாஷீட்டைத் திறந்தால் மேல் வரம்பு 2.2 முதல் 3.6 வரை, கீழ் வரம்பு 0.9 முதல் 2.8 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று போட்டிருப்பான், அதாவது வேறொரு 40106-ஐச் செருகினாலே அலைவெண் நகரும், சப்ளையை மாற்றினாலும் நகரும். 82 கிலோஓமும் அதோடு தொடராக 100 கிலோஓம் பிரிசெட்டும் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து அளந்து திருகுவதுதான் என் வழக்கம். கெப்பாசிட்டர் பாலியெஸ்டராக இருந்தால் நல்லது. மலிவான டிஸ்க் செராமிக் வெப்பத்துக்கு ஏற்ப மாறும்.

1 கிலோஓம் போட்டு கெப்பாசிட்டரைப் பெரிதாக்கலாமே என்று தோன்றலாம். வேண்டாம். அவுட்புட் உயரும் நொடியில் ரெசிஸ்டரின் குறுக்கே 3 வோல்ட் இருக்கும், அப்படியானால் 3 மில்லிஆம்பியர் வேண்டும். இந்த ஐசி 5 வோல்ட்டில் சிரமப்படாமல் தருவது 1 மில்லிஆம்பியர் அளவுதான். 10 கிலோஓமுக்குக் கீழே போகாதீர்கள். பயன்படுத்தாத கேட்களின் இன்புட்டை கிரவுண்டில் கட்டிவிடுங்கள், தொங்கவிடாதீர்கள்.

கேள்வி: அதே ஐசியில் எல்இடி விநாடிக்கு ஒருமுறை சிமிட்ட 10 மெகாஓம், 0.1 மைக்ரோஃபாரட் போட்டேன். ஒரு நாள் சரியாக ஓடுகிறது, மறுநாள் இழுக்கிறது. ஏன்?

பதில்: 10 மெகாஓம் என்றால் பிரெட்போர்டின் ஈரமும் விரல் அழுக்கும்கூட அதற்கு இணையான ரெசிஸ்டராகிவிடும். 1 மெகாஓம், 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் என்று மாற்றுங்கள். எலக்ட்ரோலிடிக் போட்டால் அதன் கசிவு வேறு சேர்ந்துகொள்ளும். எல்இடியை ஆஸிலேட்டர் கேட்டிலேயே மாட்டியிருக்கிறீர்களா? அடுத்த கேட்டுக்கு மாற்றுங்கள். விநாடி துல்லியமாக வேண்டும் என்றால் ஆர்சியை விட்டுவிட்டு 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் அலைவெண்ணைப் படிப்படியாகப் பாதியாக்கும் 4060 ஐசியும் எடுங்கள், அது 2 ஹெர்ட்ஸ் தரும், இன்னும் ஒருமுறை பாதியாக்க ஒரு ஃபிளிப்ஃபிளாப் போட்டால் 1 ஹெர்ட்ஸ்.