அம்மம்மாவைவிடக் குறைவாகச் சோறு சாப்பிட்டும் எனக்கு ஏன் எடை கூடுகிறது?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தின் சுருக்கம் இது:

"எனக்கு 39 வயது. கொழும்புக் கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. உயரம் 158 சென்ரிமீற்றர். கல்யாணத்தின்போது 57 கிலோ இருந்தேன். 12 வருடத்தில் 69 கிலோவாகிவிட்டேன். கணவருக்கும் வயிறு வைத்துவிட்டது, 10 வயது மகனும் பருக்கத் தொடங்கிவிட்டான். சாவகச்சேரியில் இருந்த என் அம்மம்மா காலையில் பழஞ்சோறு, மத்தியானம் சோறு, இரவில் தேங்காய்ப்பூப் போட்ட பிட்டு என்று சாப்பிட்டவர். கடைசிவரை மெலிந்த உடம்புதான். நான் மத்தியானம் மட்டும்தான் சோறு சாப்பிடுகிறேன். இது பரம்பரையா, தைரொயிட்டா, எனக்குத்தான் மனக்கட்டுப்பாடு இல்லையா? சோற்றை அடியோடு நிறுத்தட்டுமா?"

சோற்றை நிறுத்த வேண்டாம். மனக்கட்டுப்பாடு இல்லை என்று உங்களைக் குறைசொல்லிக்கொள்ளவும் வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் கணக்கில், 1990இல் இருந்ததைவிட 2022இல் வளர்ந்தோரிடையே உடற்பருமன் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது; உலகில் எட்டுப் பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. இலங்கையில் 2015இல் எடுத்த ஆய்விலேயே வளர்ந்த பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதிக எடையுடன் இருந்தார்கள். ஒரு தலைமுறைக்குள் இத்தனை நாட்டு மக்களுக்கும் ஒன்றாக மனவுறுதி குறைந்துபோக வழியில்லை. முப்பது வருடத்தில் மரபணுவும் மாறிவிடாது. ஒரே சூழலில் யாருக்கு முதலில் எடை ஏறும் என்பதைப் பரம்பரை பெருமளவு தீர்மானிக்கிறது, அது உண்மை. ஆனால் மாறியது சூழல்தான்.

உங்கள் கணக்கையே எடுப்போம். 12 வருடத்தில் 12 கிலோ, அதாவது வருடத்துக்கு ஒரு கிலோ. கொழுப்பாகச் சேர்ந்ததை நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 20 கலோரி அளவுதான் வரும், ஒரு தேக்கரண்டிச் சீனி. கூடிய உடம்பைச் சுமக்கவும் உடல் கூடுதலாக எரிக்க வேண்டியிருப்பதால், அன்றைய உங்களைவிட இன்றைய நீங்கள் தினமும் 250 முதல் 300 கலோரி வரை கூடுதலாகச் சாப்பிட்டால்தான் 69 கிலோ நிலைக்கும். அந்த 300 எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

நீங்கள் எழுதியனுப்பிய ஒருநாள் சாப்பாட்டுப் பட்டியலில் "தேத்தண்ணி தவிர வேறொன்றும் இல்லை" என்று இரண்டு இடத்தில் இருந்தது. அங்கேதான் நான் நின்றேன். ஒரு நாளைக்கு நான்கு பால் தேத்தண்ணி. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சீனி, ஏறக்குறைய 10 கிராம். நான்கு கோப்பையில் 40 கிராம், 160 கலோரி. முழு ஆடைப் பால்மா கோப்பைக்கு 10 கிராம் என்றால் நான்குக்கும் சேர்த்து 200 கலோரி. மொத்தம் 360. கிட்டத்தட்ட ஒன்றரைக் கோப்பைச் சோற்றுக்குச் சமம், ஆனால் வயிற்றுக்கு அது சாப்பாடாகவே தெரிவதில்லை. உணவில் சேர்க்கும் சீனியை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. முடிந்தால் இருபதில் ஒரு பங்குக்குள். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், அல்லது 25 கிராம். உங்களுக்குத் தேத்தண்ணியிலேயே 40 போய்விடுகிறது.

அப்புறம் அந்தத் தேத்தண்ணியோடு வருபவை. சமைத்த சோற்றில் பாதிக்குமேல் தண்ணீர் என்பதால் 100 கிராமில் 130 கலோரிதான். பிஸ்கட்டில் தண்ணீர் மிகக் குறைவு, 100 கிராமுக்கு 400ஐத் தாண்டும். கிரீம் கிராக்கரானாலும் சரி, சீனி குறைந்தது என்று விற்பதானாலும் சரி, இதில் பெரிய வித்தியாசமில்லை. நாலு மணிக்கு வாங்கும் மீன் ரோல்ஸைப் பாருங்கள்: கோதுமை மாவில் சுட்ட தோசை, அதற்குள் உருளைக்கிழங்கும் கொஞ்சம் மீனும், வெளியே பாண்தூள், பிறகு கொதிக்கிற எண்ணெய். பாண்தூள் எண்ணெயை நன்றாகவே குடிக்கும். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி, ஒரு கிராம் மாப்பொருளில் 4. ரோல்ஸைத் தின்று முடிக்க இரண்டு நிமிடம் போதும்.

உங்கள் அம்மம்மாவுக்கும் பொரித்தது பிடித்துத்தான் இருந்திருக்கும். ஆனால் வடை தின்ன ஆசைப்பட்டால் உழுந்தை ஊறப்போட வேண்டும், ஆட்டுக்கல்லில் அரைக்க வேண்டும், விறகடுப்பில் எண்ணெய் காய வைத்துப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அரியதரமும் பயற்றம் பணியாரமும் என்றால் இன்னும் இரண்டு பெண்களின் கை வேண்டும். அதனால் அவை தீபாவளிக்கும் கல்யாணவீட்டுக்கும் உரியவையாக இருந்தன. அந்த வேலைதான் பலகாரத்தின் விலை. அதுதான் அவரைக் காப்பாற்றியது. தினமும் சமைத்த சோறும் பிட்டும் நிறையத் தின்றாலும் ஒரு அளவில் வயிறு நிறைந்துவிடும் சாப்பாடு. தேங்காய்கூடத் திருவி, பிழிந்து வந்ததுதான்.

இன்று அந்த வேலையை வேறு யாரோ செய்துவிடுகிறார்கள். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு இறக்குமதி பெருகியது, 1979இல் தொலைக்காட்சி வந்தது, பக்கெற் தின்பண்டங்களின் விளம்பரம் கூடத்துக்குள் நுழைந்தது. இப்போது பம்பலப்பிட்டியில் இருந்து வெள்ளவத்தை வரை காலி வீதியில் நடந்தால் வரிசையாகப் பேக்கரி, கொத்துக் கடை, ஜூஸ் கடை. நடக்கவும் தேவையில்லை, கைபேசியில் அழுத்தினால் இரவு பத்து மணிக்குத் தொடர்மாடியின் வாசலில் கொத்து ரொட்டி வந்து நிற்கும். ஆசைக்கும் வாய்க்கும் இடையில் இருந்த அந்த ஒரு மணி நேர வேலை போய்விட்டது. உடற்பருமன் பெருகியதற்கு வேறு காரணங்களும் உண்டு. என் பார்வையில் இதுதான் முதலாவது.

தொழிற்சாலையில் தயாராகும் உணவு நம்மை அதிகம் தின்ன வைக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹோல் குழுவினர் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் பரிமாறியதில் சமமாக இருந்தன. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவின்போது அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. 2019இல் வெளிவந்த ஆய்வு இது. யாரும் பேராசையில் தின்னவில்லை; அந்த உணவு மென்மையாக, வேகமாக இறங்கிவிடுகிறது, போதும் என்ற உணர்வு வருவதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

சரி, நடை குறைந்தது காரணமில்லையா? ஓரளவு காரணம். ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. தன்சானியாவின் ஹட்சா மக்கள் இன்றும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி, நாள் முழுக்க நடக்கிறார்கள். 2012இல் அளந்து பார்த்தபோது, உடல் அளவைக் கணக்கில் எடுத்தால் அவர்கள் ஒரு நாளில் எரித்த மொத்தக் கலோரி மேற்கு நாட்டவர்களுடையதை ஒத்தே இருந்தது. உங்கள் எடையில் ஒரு கிலோமீற்றர் நடந்தால் 50 கலோரி அளவுதான் போகும். 400 மில்லிலீற்றர் சோடாவை ஈடுகட்ட மூன்று கிலோமீற்றர் வேண்டும். அதற்காக நடையைக் கைவிடாதீர்கள். லண்டன் பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய சாரதிகளைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மொரிஸ் 1953இலேயே காட்டினார். இதயத்துக்கும் இரத்தச் சீனிக்கும் குறைத்த எடையைத் தக்கவைக்கவும் நடை அவசியம். மெரின் டிரைவில் மாலையில் அரை மணி நேரம் நடங்கள், ஆனால் திரும்பி வரும்போது பற்றிஸ் வாங்காதீர்கள்.

நித்திரையையும் கவனியுங்கள். இரவு பன்னிரண்டு வரை விழித்து ஐந்துக்கு எழும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் கூடுவதாகவும், போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹோர்மோன் குறைவதாகவும் சில ஆய்வுகள் காட்டுகின்றன. இனிப்பையும் எண்ணெயையும் மனம் தேடும்.

இனி என்ன செய்யலாம்? காணாமல்போன அந்த வேலையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பிஸ்கட் தகரத்தை மேசையில் இருந்தும் அலுவலக இழுப்பறையில் இருந்தும் எடுத்துவிடுங்கள். வேண்டுமானால் கடைக்குப் போய் அன்றைக்கு உரியதை மட்டும் வாங்குகிற நிலை இருக்கட்டும். கைபேசியில் சாப்பாட்டுச் செயலியை அழித்துவிடுங்கள். நான்கு தேத்தண்ணியில் இரண்டைச் சீனியில்லாத பிளேன்டீயாக மாற்றினாலே 180 கலோரி போய்விடும். மற்ற இரண்டில் சீனியை ஒரு கரண்டியாக்குங்கள். மத்தியானப் பார்சலில் சோறு பாதி போதும் என்று சொல்லி, கீரையும் மரக்கறியும் கூடுதலாகக் கேளுங்கள். மீனும் பருப்பும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலு மணிக்குப் பசி உங்களை ரோல்ஸிடம் கூட்டிப்போகும். அந்த நேரத்துக்குக் கடலையோ வாழைப்பழமோ வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

ஆறு மாதத்தில் 3 அல்லது 4 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சிறிதாகத் தெரியும்; ஆனால் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே இரத்தச் சீனியும் அழுத்தமும் இறங்கத் தொடங்கும். வேகமாகக் குறைத்தால் உடல் பசியைக் கூட்டி இழந்ததை மீட்கப் பார்க்கும். முகநூலில் விற்கிற மெலியும் தூள்களைத் தொடவே வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

மகனைப் பட்டினி போடாதீர்கள், வளரும் பிள்ளை. எடை ஏறாமல் நின்றாலே உயரம் கூடும்போது சரியாகிவிடும். ரியூஷன் முடிந்து வரும்போது சோடாவும் பக்கெற் சிப்ஸும் வழக்கமாகிவிடாமல் பாருங்கள். குளிர்பானப் போத்தல்களில் 2016 முதல் சீனி அளவுக்கு நிறக்குறி இருக்கிறது. நிறத்தோடு நிற்காமல் 100 மில்லிலீற்றருக்கு எத்தனை கிராம் என்பதையும் அவனையே வாசிக்க வையுங்கள். 'குண்டன்' என்று யாரும், மாமாவோ பெரியம்மாவோ, அவன் முன்னால் சொல்ல விடாதீர்கள். அந்தச் சொல் பிள்ளைகளை ஒளித்துத் தின்ன வைக்கும்.

கிலோவில் எடையை மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைச்சுட்டி; உங்களுக்கு அது 27.6. ஆசிய மக்களுக்கு 23க்கு மேல் கவனம் வேண்டும், 27.5க்கு மேல் ஆபத்து அதிகம். நம்மவர்கள் மெலிந்து தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் உடல்வாகு கொண்டவர்கள். ஆகவே நாடாவை எடுத்து இடுப்பை அளவுங்கள்: பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர், ஆணுக்கு 90 என்பது எல்லை. கணவரையும் அளவுங்கள். தைரொயிட் குறைபாடு இருந்தாலும் அதனால் மட்டும் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான். களைப்பு, முடி உதிர்வு, மாதவிடாய் ஒழுங்கின்மை இருந்தால் தைரொயிட் நிலையைக் காட்டும் ரீஎஸ்எச் (TSH) இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வெறும் வயிற்றுச் சீனி, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் எப்படியும் பார்க்க வேண்டும். அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்ததா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கூடியிருந்தால் இந்த மாதத்துக்குள்ளேயே போங்கள்.