வார்விக்கும் பாக்கராக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு மாதமாக அமெரிக்கப் பாடகி டியான் வார்விக்கின் அறுபதுகளின் பாட்டுகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மெட்டு பர்ட் பாக்கராக், வரி ஹால் டேவிட். “பாடகி வெறும் குழாய்தானே, தண்ணீர் அவர்களுடையது” என்கிறான் நண்பன். மனம் ஒப்பவில்லை. பதில் சொல்லவும் தெரியவில்லை.
கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் பாட்டைக் காகிதத்தில் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

வார்விக் முதலில் அவர்களுக்கு மாதிரிப் பதிவு பாடிக்கொடுத்தவர். அப்படிப் பாடிய ஒரு பாட்டு தனக்குத்தான் என்று நம்பியிருந்தார். அது ஜெர்ரி பட்லர் என்ற பாடகருக்குப் போய்விட்டது. கோபத்தில், ‘என்னை மாற்றப் பார்க்காதீர்கள்’ என்ற பொருளில் அவர் கத்திய சொற்களையே தலைப்பாக வைத்து இருவரும் ஒரு பாட்டைக் கட்டினார்கள். 1962இல் வெளியான ‘டோன்ட் மேக் மீ ஓவர்’. அதுதான் அவருடைய முதல் தனிப்பாட்டு. குழாய் கத்தியதில் வந்த தண்ணீர் அது! (இதில் ஒரு வேடிக்கை: இசைத்தட்டில் வாரிக் என்ற குடும்பப்பெயரை வார்விக் என்று தப்பாக அச்சடித்துவிட்டார்கள். மாற்றாதே என்று பாடியவருக்குப் பெயரே மாறிப்போய், அதுவே நிலைத்தும்விட்டது.)

அடுத்து, ‘எனிஒன் ஹூ ஹேட் எ ஹார்ட்’ பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். ஐந்து எண்ணுகிறீர்கள், அது நான்காகிறது, ஒரு திருப்பத்தில் ஏழு. கண்டத்திலும் மிஸ்ரத்திலும் (ஐந்தும் ஏழும் எண்ணும் தாளங்கள்) ஊறிய நம் கையே தடுமாறும். ஆனால் வெறுமனே கேட்கும்போது கணக்கு எங்கேயும் இடறாது, ஒரு பெண் மூச்சு முட்டிப் பேசுவதுபோல்தான் இருக்கும். நியூவார்க்கில் தேவாலயப் பாட்டில் வளர்ந்து, கல்லூரியில் இசை படித்த குரல். அப்படியொரு குரல் கையில் இருந்ததால்தான் பாக்கராக் அவ்வளவு கோணலாக எழுதத் துணிந்தார் என்பது என் எண்ணம்.

அவர்கள் எழுதிய ‘டு யூ நோ தி வே டு சான் ஹோசே’ பாட்டு வார்விக்குக்குப் பிடிக்கவே இல்லை. பாடினார், கிராமி விருது கிடைத்தது. அதை விடுங்கள்.

1973இல் அவர்கள் இருவரும் பாட்டு எழுதிய ‘லாஸ்ட் ஹொரைசன்’ படம் தோற்றது. பாக்கராக்கும் டேவிட்டும் பிரிந்தார்கள். ஒப்பந்தப்படி தனக்கு இசைத்தட்டு செய்துதர ஆளில்லை என்று வார்விக் இருவர் மீதும் வழக்குப் போட்டார். 1974இல் ஸ்பின்னர்ஸ் குழுவோடு பாடிய பாட்டு அமெரிக்காவில் முதலிடம் போனது. அவருக்கு அங்கே முதல் முதலிடமே அதுதான், அதில் பாக்கராக்கும் இல்லை, டேவிட்டும் இல்லை. இதை நண்பரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நான் மேலே சொன்ன தாளப் பாட்டை 1964இல் இங்கிலாந்தில் சில்லா பிளாக் என்ற பாடகியும் பாடினார். அங்கே முதலிடம் அவருக்குத்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள். வார்விக் அடக்கி வைத்திருக்கும் இடத்தில் சில்லா முழுத்தொண்டையைத் திறப்பார். அதுவும் நல்ல பாட்டுதான், எனக்கே பிடிக்கும். வார்விக்குக்கு மட்டும் தன்னை நகலெடுத்துவிட்டார் என்ற கோபம் ஆறவே இல்லை. அடுத்த பதிவில் நான் தும்மியிருந்தால் சில்லாவும் தும்மியிருப்பார் என்றார்.