கண்ணாம்பாவை அம்மா என்று மட்டும் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

பழைய படங்களின் வசனம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. பார்வை குறைந்துவிட்டது, காது நன்றாகக் கேட்கும். ‘எம்.ஜி.ஆர். படங்களில் அம்மாவாக வந்து அழும் கண்ணாம்பா’ என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “கண்ணாம்பாவைப் பத்தி அவருக்கு இவ்வளவுதான் தெரியுமா? எழுதிக் கேளு” என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கும் கண்ணாம்பா என்றால் ‘மனோகரா’வின் ‘பொங்கி எழு’ மட்டும்தான் நினைவுக்கு வரும். அவர் தெலுங்குக்காரர் என்பதே அம்மா சொல்லித்தான் தெரிந்தது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் கண்ணகியாக நடித்ததை நம் ஊர்க்காரர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? அம்மா வேடத்துக்கு முன்னால் அவர் என்னவாக இருந்தார்? கொஞ்சம் விரிவாக எழுதினால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
மா., திருச்சி

*

அன்புள்ள மா.,

உங்கள் அம்மாவின் கோபம் நியாயமானது. அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. 1935இல் திரைக்கு வந்து, 1964இல் இறக்கும்வரை நடித்தவர் கண்ணாம்பா. கடைசி எட்டு, ஒன்பது வருடத்துப் படங்களை மட்டும் மனதில் வைத்து அப்படி எழுதிவிட்டேன். அதில் ‘அழும்’ என்ற சொல்தான் பெரிய பிழை. கண்ணாம்பா அழுததற்காக யாரும் டிக்கெட் வாங்கவில்லை. அவர் பேசுவதைக் கேட்கத்தான் கூட்டம் வந்தது. எங்கள் வீட்டில் பாட்டி இருந்தவரை, யாராவது ஒரு பெண் நிமிர்ந்து நின்று நியாயம் கேட்டால் “கண்ணாம்பா வசனம் பேசறா பாரு” என்பார். அதைப் பாராட்டாகத்தான் சொல்வார்.

நீங்கள் கேட்டதில் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1941இல் வந்த ‘அசோக்குமார்’ படத்தை உங்கள் அம்மா பார்த்திருப்பார். ராஜா சந்திரசேகர் இயக்கியது. அசோகச் சக்கரவர்த்தியாக நாகையா, அவருடைய மகன் குணாளனாக எம்.கே. தியாகராஜ பாகவதர், சக்கரவர்த்தியின் இளைய மனைவி திஷ்யரட்சிதையாகக் கண்ணாம்பா. மகன் முறையில் இருக்கும் குணாளன்மேல் ஆசைப்படுகிறாள் அவள். அவன் மறுத்ததும் அவன்மேலேயே பழியைப் போட்டு, அவன் கண்ணிழந்து தெருவில் நிற்கும்படி செய்துவிடுகிறாள். ‘உன்னைக் கண்டு மயங்காத பேர்களுண்டோ’ என்று பாகவதர் பாட, இவர் ஆடும் காட்சி இருக்கிறதே, அதில் பாட்டு பாகவதருடையது, காட்சி முழுக்கக் கண்ணாம்பாவுடையது. கண் அவனை விட்டு நகராது. ஆசை, அதிகாரம், அவன் நம் கைக்கு வந்துவிடுவான் என்ற நம்பிக்கை எல்லாம் அந்தப் பார்வையில் இருக்கும்.

அப்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. அந்தப் படத்தில் எம்.ஜி.ஆரும் ஒரு சின்ன வேடத்தில் வருகிறார். பதினைந்து வருடம் கழித்து ‘தாய்க்குப்பின் தாரம்’ படத்தில் அவருக்கு அம்மாவாகப் போகிறவர் இங்கே சக்கரவர்த்தியையே ஆட்டிவைக்கும் ராணி.

இந்த வேடம் கண்ணாம்பாவுக்குப் புதிதும் இல்லை. 1937இல் தெலுங்கில் வந்த ‘சாரங்கதரா’ படத்தில் சித்ராங்கியாக நடித்திருந்தார். அதுவும் இதே கதைதான்: ராஜாவின் இளம் மனைவி, மூத்தாள் மகன், மறுப்பு, பழி. தமிழில் நாலே வருடத்தில் அதே மாதிரி வேடத்தை இவரைத் தேடிப்போய்க் கொடுத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. பார்ப்பவர்கள் வெறுக்க வேண்டிய ஒரு பெண்ணை, அவள் பேசி முடிக்கும்வரை யாரும் வெறுக்க முடியாதபடி செய்ய அவரால் முடிந்தது.

அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆந்திரத்தின் ஏலூருக்குத்தான் போக வேண்டும். கண்ணாம்பா ஏலூர் நாடக மேடையிலிருந்து வந்தவர். தெலுங்கு மேடை நாடகத்தில் பத்யம் என்று ஒன்று உண்டு. இலக்கணச் சுத்தமான செய்யுளை ராகத்தில் இழுத்துப் பாடிக்கொண்டே நடிப்பது. சீச பத்யம் என்றால் நீளமான அடிகள். மூச்சை எங்கே எடுப்பது, எந்தச் சொல்லை அழுத்துவது, எதை விட்டுப் பிடிப்பது என்று தெரியாதவர்கள் பாதியில் திணறிப் போவார்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும், சொல்லும் சிதையக் கூடாது. நன்றாகப் பாடினால் ‘ஒன்ஸ்மோர்’ கேட்பார்கள், மறுபடி பாட வேண்டும். இந்தப் பயிற்சி கிடைத்த ஒருவருக்கு அரைப் பக்க வசனம் ஒரு பொருட்டா?

அவருடைய முதல் படமே அந்த மேடைக் கதைதான். 1935இல் பி. புல்லையா இயக்கிய தெலுங்கு ‘ஹரிச்சந்திரா’வில் சந்திரமதி. அடுத்த வருடம் ‘திரௌபதி வஸ்திராபகரணம்’. அந்த வருடம் ஒரு விசேஷம் நடந்தது. திரௌபதி துகிலுரிப்புக் கதையை வைத்து இரண்டு தெலுங்குப் படங்கள் போட்டிபோட்டு வந்தன. ஒன்றில் கண்ணாம்பா திரௌபதி. இன்னொன்றில் தெலுங்கு பேசும்படத்தின் முதல் கதாநாயகியான சுரபி கமலாபாய் திரௌபதி, மேடையில் பெரிய பேர் வாங்கிய பள்ளாரி ராகவா துரியோதனன். அந்தப் பக்கம் அவ்வளவு பெரிய பேர்கள் இருந்தும் ஜனங்கள் கண்ணாம்பாவின் படத்தைத்தான் ஓட வைத்தார்கள். சபையில் நின்று கேள்வி கேட்கும் பெண் என்றால் கண்ணாம்பா என்று அந்த வருடமே முடிவாகிவிட்டது. கண்ணகிக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.

1938இல் எச்.எம். ரெட்டியின் ‘கிருகலட்சுமி’. நாகையாவுக்கு அதுதான் முதல் படம். அதில் கண்ணாம்பா வீட்டில் தவிக்கும் மனைவி, ஆளை மயக்குகிற வேடம் காஞ்சனமாலாவுக்கு. 1940இல் ‘கிருஷ்ணன் தூது’ வழியாகத் தமிழுக்கு வந்தார். அடுத்த வருடம் ‘அசோக்குமார்’. அப்புறம் 1942இல் ஜூபிடர் பட கம்பெனியின் ‘கண்ணகி’.

‘கண்ணகி’ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை மேடையில் அந்தக் கதைக்குக் கோவலன் என்றுதான் பேர். சங்கரதாஸ் சுவாமிகள் நாடகம் ‘கோவலன்’. முப்பதுகளில் வந்த பேசும்படமும் ‘கோவலன்’. 1942இல்தான் சுவரொட்டியில் அவள் பேர் ஏறியது. பி.யு. சின்னப்பா மாதிரி ஒரு நட்சத்திரம் கோவலனாக நடிக்கும்போது, படத்துக்குக் கதாநாயகியின் பேரை வைப்பது சாதாரணமா?

ஒரு தெலுங்குக்காரரைக் கண்ணகியாக எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு விஷயம் சேர்ந்து வந்தது என்று நினைக்கிறேன். ஒன்று, வசனம் எழுதியவர் இளங்கோவன். தணிகாசலம் என்பது இயற்பெயர். ‘மணிக்கொடி’ பத்திரிகை வழியாக வந்தவர், ‘அம்பிகாபதி’யிலும் ‘அசோக்குமா’ரிலும் எழுதியவர். அவருடைய வசனம் வீட்டில் பேசும் தமிழ் இல்லை. சந்தம் உள்ள, அடுக்கு உள்ள செந்தமிழ். அந்தத் தமிழ் அன்றைய தமிழ் நடிகர்களுக்கே தாய்மொழி கிடையாது, எல்லோருமே கற்றுக்கொண்டுதான் பேச வேண்டும். அப்படி எல்லோரும் கற்க வேண்டிய ஒரு மொழியில் பத்யம் பாடிப் பழகிய வாய்க்குக் குறையொன்றும் இல்லை, சொல்லப்போனால் அதுதான் முந்தும். தெலுங்கில் ‘ழ’ கிடையாது. கண்ணாம்பா வாயில் அந்த எழுத்து எப்படி விழுகிறது என்று கவனித்துக் கேளுங்கள்.

இரண்டாவது, அன்றைக்கு எல்லாம் ஒரே சென்னை மாகாணம். ஏலூரும் மதுரையும் ஒரே ராஜதானிக்குள் இருந்தன. நாகையா தமிழில் பேசினார், பாடினார். பானுமதி வந்தார், அஞ்சலிதேவி வந்தார். ஸ்டூடியோவில் காலையில் தெலுங்கு, மாலையில் தமிழ். கொட்டகையில் உட்கார்ந்தவர்கள், வாயில் சொல் சுத்தமாக வருகிறதா என்று பார்த்தார்களே தவிர, எந்த ஊர்க்காரர் என்று விசாரித்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடிக்கிறது. பாண்டியன் சபையில் சிலம்போடு நின்ற அந்தப் பெண்ணைத் தமிழர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இதை 1944உடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏவி.எம். ஒரு கன்னட ‘ஹரிச்சந்திரா’வை எடுத்திருந்தது. அதற்குத் தமிழ்க் குரல் சேர்த்து 1944இல் வெளியிட்டார்கள். தமிழில் வந்த முதல் டப்பிங் படம் அதுதான். அதே வருடம் சின்னப்பாவும் கண்ணாம்பாவும் நடித்த தமிழ் ‘ஹரிச்சந்திரா’வும் வந்தது. ஒரே கதை. ஒரு பக்கம் கன்னடம் பேசிய உதட்டுக்கு வேறொருவர் கொடுத்த தமிழ், இன்னொரு பக்கம் தெலுங்கு வீட்டிலிருந்து வந்து தன் சொந்தக் குரலில் பேசிய தமிழ். டப்பிங் எவ்வளவு பெரிய வசதி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேற்று மொழியிலிருந்து வரும் ஒரு நடிகை மெனக்கெட்டுத் தமிழைப் பழக வேண்டிய கட்டாயம் அதோடு மெல்ல மெல்ல இல்லாமல் போனது. எனக்கு அது பெரிய இழப்பு. கண்ணாம்பாவின் உடம்பும் குரலும் ஒன்றாக இருந்ததால்தான் அந்தக் கோபம் அப்படித் தாக்கியது.

தெலுங்கில் அவருடைய பெரிய வேடங்களில் ஒன்று தமிழர்கள் பலருக்குத் தெரியாது. 1947இல் வந்த ‘பல்நாட்டி யுத்தம்’. ஆந்திரத்தின் பல்நாடு பகுதியில் நடந்த பங்காளிச் சண்டை அது, அந்த ஊர்க்காரர்களுக்கு அதுவே பாரதக் கதை. அதில் நாயகுராலு நாகம்மா என்று ஒரு பெண் மந்திரி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு பெண் ராஜதந்திரியாக இருந்து போரையே நடத்தியிருக்கிறாள். படத்தைத் தொடங்கிய கூடவல்லி ராமபிரம்மம் நடுவிலேயே காலமாகிவிட, எல்.வி. பிரசாத் முடித்தார். நாகம்மாவாகக் கண்ணாம்பா. காதல், கண்ணீர், குழந்தை எதுவும் இல்லாமல் அரசியல் புத்தியை மட்டுமே வைத்துக் கதையை நகர்த்தும் ஒரு பெண் வேடம், அந்தக் காலத்தில்!

அதே பிரசாத்தான் 1954இல் ‘மனோகரா’வை இயக்கினார். அவரும் ஏலூர்ப் பக்கத்துக்காரர்தான். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், கலைஞர் கருணாநிதியின் வசனம், சிவாஜி கணேசன் கதாநாயகன். ஆந்திரா தனி மாநிலமாகி ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில், திராவிட இயக்கத் தமிழை ஏலூர்க்காரர் இயக்க, ஏலூர் மேடையில் வளர்ந்தவர் பேச, தமிழ்நாடே கைதட்டியது. ராஜாவை வசப்படுத்திய வசந்தசேனையாக டி.ஆர். ராஜகுமாரி, ஒதுக்கப்பட்ட பட்டத்து ராணியாகக் கண்ணாம்பா. ‘அசோக்குமார்’ பார்த்தவர்களுக்கு ஆசனம் மாறியது தெரியும்.

‘பொறுத்தது போதும், பொங்கி எழு’ என்ற இடத்தை எல்லோரும் அந்த ஒரு வரியாகவே நினைவு வைத்திருக்கிறோம். படத்தில் அதுவரை அந்த ராணிதான் மகனை அடக்கி வைத்திருக்கிறாள். பொறுமையாக இரு என்று சத்தியம் வாங்கியவளே அவள்தான். அதனால் அந்த வரி மகனுக்குச் சொல்லும் கட்டளை மட்டும் கிடையாது. இத்தனை நாள் தான் பிடித்துக்கொண்டிருந்ததைத் தானே விடுகிறாள். சங்கிலியில் கட்டுண்டிருக்கும் சிவாஜி அறுத்துக்கொண்டு வருவது அப்புறம். அவருக்கு முன்னால் அவிழ்ந்தவர் கண்ணாம்பா. அடுத்த முறை பார்க்கும்போது அந்த வரிக்கு முந்தைய அரை மணி நேரம் அவர் எவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்று கவனியுங்கள்.

அதற்குப் பிறகு ‘மக்களைப் பெற்ற மகராசி’, ‘உத்தம புத்திரன்’, தேவர் பிலிம்ஸின் ‘தாய் சொல்லைத் தட்டாதே’, ‘தாயைக் காத்த தனயன்’ என்று வரிசையாக அம்மா வேடங்கள். இவற்றை நான் குறைத்துப் பேசப் போவதில்லை, ஆனால் கதைகளில் அம்மாவுக்கு எழுதி வைத்த இடம் சிறுத்துப்போனது. ‘படிக்காத மேதை’யில் ரங்கா ராவின் மனைவியாக வருவதை மட்டும் தனியாகச் சொல்வேன். குடும்பம் சரியும்போது அவர் முகத்தில் வருவது வெறும் சோகம் கிடையாது, பெரிய வீட்டு மனுஷியின் கௌரவம் அடிபடுகிற வலி.

இன்னொன்று, அவர் நடிகை மட்டும் இல்லை. கணவர் கடாரு நாகபூஷணத்தோடு சேர்ந்து ஸ்ரீராஜராஜேஸ்வரி பிலிம் கம்பெனி என்ற பேரில் தமிழிலும் தெலுங்கிலும் படங்களை எடுத்தவர். கண்ணாம்பா நடிக்கிறார் என்ற ஒரே பலத்தில் ஒரு கம்பெனி பல வருடம் நடந்திருக்கிறது.

1964 மே மாதம் சென்னையில் காலமானார். அதே வருடம் செப்டம்பரில் கலைஞரின் ‘பூம்புகார்’ வந்தது, விஜயகுமாரி கண்ணகியாக. என் வயதுக்காரர்களுக்குக் கண்ணகி என்றால் விஜயகுமாரிதான். உங்கள் அம்மா இரண்டையும் பார்த்திருப்பார்.

‘அசோக்குமார்’, ‘கண்ணகி’, ‘மனோகரா’ மூன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. அம்மாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது என்கிறீர்கள். அதனால் என்ன, ‘கண்ணகி’யின் பாண்டியன் சபைக் காட்சியைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். அவர் முதன்முதலில் அதை எந்தக் கொட்டகையில், யாரோடு பார்த்தார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். பழைய கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன் என்றும் அவரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்.